கறுப்புக் கயிறு கட்டிய சட்டி

யாராவது "எல்லாம் சரியாயிடுச்சு" என்று சொன்னால் அக்காவுக்கு முகம் சுருங்கிவிடும். காய்ச்சல் விட்டுவிட்டது என்றால் யார் தொட்டுப் பார்த்தது என்பார். குழாய் ஒழுகல் நின்றுவிட்டது என்றால் கீழே வாளி வைத்துப் பார்த்தீர்களா என்பார். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். அக்கா லட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "பையன் வேலை பாக்குற ஆபீஸுக்கு யாராச்சும் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண் அன்றைக்கு முழுக்க அக்காவுடன் பேசவில்லை. அடுத்த வாரம் வந்து, அப்பா போய்ப் பார்த்துவிட்டார் என்று தானாகவே சொன்னாள்.

நான் திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் பிற்பாதியில். நாகர்கோவில்காரன், வேதியியல் படித்தவன். மண்ணிலும் தண்ணீரிலும் எது கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று தாளில் கோடு போட்டுக் காட்டும் இயந்திரம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. அக்கா அடுத்த அறையில் பாக்டீரியா வளர்த்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நிலையத்து மலையாளிகள் அவரை நேரில் மேடம் என்றும் முதுகுக்குப் பின்னால் 'சம்சயம் மேடம்' என்றும் சொல்வார்கள். சம்சயம் என்றால் சந்தேகம். அவருக்கும் அது தெரியும். "சம்சயம்தானே, களவு ஒண்ணும் இல்லியே," என்று சிரிப்பார். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் முதல் வாரமே அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். அதற்கும், "எதுக்குத் தம்பி திடீர்னு அக்கா? என்ன வேணும்?" என்றுதான் கேட்டார்.

அவர் போனக்காட்டுக்காரர். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், வேலையில் ஆங்கிலம் என்று மூன்றையும் கலந்து பேசுவார். வாரக் கடைசியில் அம்மாவைப் பார்க்க, மலையடிவாரத்து வித்துரா வழியாகப் போனக்காட்டுக்குக் கிளம்புவார். பஸ்ஸின் நெற்றியில் வித்துரா என்று எழுதியிருக்கும், நடத்துனரும் வித்துரா, வித்துரா என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். அக்கா அவரிடமே போய், "இது வித்துரா போகுமல்லே?" என்பார். போகும் என்றாலும் ஏறமாட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு அம்மாளிடம் மறுபடி கேட்பார். "போர்டு மாட்டுறவன் வேற, வண்டி ஓட்டுறவன் வேற. போற ஆளுகிட்ட கேக்கணும் தம்பி," என்று எனக்கு விளக்கம். ஒருநாள் நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஜன்னலோர அம்மாள் பாதி வழியில் நெடுமங்காட்டிலேயே இறங்குகிறவள் என்று தெரிந்ததும், அக்கா கடைசி வரைக்கும் போகிற ஆள் ஒருவரைத் தேடி அடுத்த ஜன்னலுக்குப் போனார். அதற்குள் பஸ் கிளம்பிப் போய்விட்டது.

கேன்டீனில் மீன் இன்றைக்கு வந்ததா என்று கேட்பதோடு நிற்கமாட்டார். சமையல்கட்டுக்குப் போய்க் கூடையில் கிடக்கும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். கொஞ்ச நாளில் சமையல்காரரே செவுளைப் பிரித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார். என்னிடமும் அதே கதைதான். என் இயந்திரம் கக்கிய தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "இன்னொரு தடவை ஓட்டித் தாயேன்," என்பார். ஓட்டித் தந்தால் இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடிப்பார். அதற்கும் மேலே, முக்கியமான எதையும் கொச்சியில் தெரிந்த ஒரு ஆய்வகத்துக்கு ஒரு புட்டி அனுப்பி, அவர்கள் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றா என்று பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மேல் நம்பிக்கை இல்லையா அக்கா என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "உன் மேல நம்பிக்கை இருக்கு. நீ பாத்ததைப் பத்திதான் கேக்குறேன்," என்றார். இதில் என்ன வித்தியாசம் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். கழக்கூட்டத்துக்கு அப்பால், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு மரக்கிடங்கு இருந்தது. கரையான் அரிக்காமலிருக்க மரத்தை ஒரு மருந்தில் முக்கி எடுப்பார்கள். வருஷக்கணக்கில் அந்த மருந்து தொட்டியிலிருந்து வழிந்து மண்ணில் இறங்கியிருந்தது. மழையில் அது லேசில் கரைந்துபோகாது, வெயிலில் காயாது, எத்தனை வருஷமானாலும் மக்காது. மக்கக் கூடாது என்றுதானே செய்திருக்கிறார்கள். கிடங்கின் பின்சுவரை ஒட்டி ஒரு காலனி. தென்காசி, சங்கரன்கோவில் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த குடும்பங்கள். அவர்களுடைய கிணற்றுத் தண்ணீரில் வாடை அடிக்க ஆரம்பித்து, குழந்தைகளுக்கு மேலெல்லாம் தடித்து, அதிகாரிகள் வந்து கிணற்றை மூடச் சொன்னார்கள். கிணறு சுத்தமாகும் வரைக்கும் கிடங்கு முதலாளி லாரியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்கள்.

முதலாளி முதலில் அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வர ஆரம்பித்து, நிலத்துக்கு யானை விலை ஏறியதும், மண்ணைச் சுத்தம் செய்து தாருங்கள் என்று எங்கள் நிலையத்துக்கு வந்து நின்றார். மண்ணை வெட்டி லாரியில் ஏற்றி வேறெங்காவது கொட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். "வேற எங்கன்னா எங்க? அங்க யாரு இருக்கா?" என்று அக்கா கேட்டதில் அந்தப் பேச்சு நின்றது. அதற்குப் பதிலாக, அந்த மருந்துத் தொட்டியின் ஓரத்து மண்ணிலிருந்தே ஒரு பாக்டீரியாவைப் பிரித்து எடுத்தார். அந்த மருந்தையே தின்று வளர்வது. கரையானே தொடாததை இது எப்படித் தின்கிறது என்று நான் கேட்டபோது, "சோத்துக்கு வழியில்லாத இடத்துல பொறந்துச்சு. கெடச்சதைத் தின்னு பழகிருச்சு," என்றார். அவர் ஒன்றைப் பற்றிப் பெருமையாகப் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

பெருமை இருந்தாலும் நம்பிக்கை வரவில்லை. தன் பாக்டீரியாவையே அவர் சந்தேகப்பட்டார். கிடங்கின் ஓரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, மருந்து கலந்த மண்ணைச் சட்டிகளில் நிரப்பிப் பாக்டீரியாவைச் சேர்த்து வைத்தோம். ஒவ்வொரு சட்டிக்கும் பக்கத்தில் இன்னொரு சட்டி. அதில் அதே மண், அதே மருந்து, ஆனால் வேகவைத்து எல்லா உயிரையும் கொன்ற மண். அந்தச் சட்டியின் கழுத்தில் அக்கா ஒரு கறுப்புக் கயிறு கட்டுவார். உயிருள்ள சட்டியில் மருந்து குறைந்து, செத்த சட்டியில் அப்படியே இருந்தால்தான் பாக்டீரியா தின்றது என்று அர்த்தம். இரண்டிலும் குறைந்தால் மருந்து வேறு வழியில் வெளியேறுகிறது. "காணாமப் போறது வேற, இல்லாமப் போறது வேற, கேட்டோ," என்று சொல்லிக்கொண்டேதான் கயிற்றை முடிச்சுப் போடுவார். திருஷ்டிக் கயிறா மேடம் என்று கொட்டகைக் காவல்காரர் கேலி செய்வார்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை அவரே சொன்னார். அவருடைய அப்பா தோட்டத்தில் செடிக்கு மருந்து அடிக்கிறவர். சாயங்காலம் மருந்துக் குடுவையை லயத்துக்குக் கீழே ஓடையில் அலசுவார். தண்ணீர் பாலாகக் கொஞ்ச தூரம் போய்ப் பிறகு தெளிந்துவிடும். அவ்வளவுதான், போயிருச்சு என்பாராம் அம்மா. சிறுமியாக இருந்த அக்கா ஒருநாள் அந்தப் பாலைத் தொடர்ந்து ஓடையோரமாகவே இறங்கிப் போயிருக்கிறார். கீழே வளைவில் அவருடைய சித்தி குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். "சித்திக்கு ஒண்ணும் ஆகலை தம்பி. இப்பவும் நல்லாத்தான் இருக்கா. ஆனா அன்னைக்கு அந்தக் குடத்தப் பாத்தேன் பாரு," என்று நிறுத்திவிட்டார்.

மழைக்காலம் முடிந்து நான் சட்டி மண்ணையெல்லாம் அளந்து பார்த்தேன். உயிருள்ள சட்டிகளில் மருந்து பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. கறுப்புக் கயிறு கட்டிய சட்டிகளிலும் ஏறக்குறைய அதே அளவு காணாமல் போயிருந்தது.

எங்கள் நிலையத் தலைவருக்கு இதில் முதல் பாதியே போதுமானதாக இருந்தது. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட நாள் பார்த்துவிட்டார். அக்கா கூட்டத்தில் எழுந்து, "ரெண்டு சட்டியிலயும்தான் கொறஞ்சிருக்கு. அப்போ நம்ம பாக்டீரியா ஒண்ணும் செய்யலை," என்றார்.

"குறைஞ்ஞல்லோ மேடம்? இனி எந்தா சம்சயம்?" என்றார் தலைவர்.

"ஆவியாப் போயிருந்தா அந்த ஜனங்க மூச்சுல இருக்கு. கரைஞ்சு எறங்கியிருந்தா அவங்க கிணத்துல இருக்கு. எங்க இருக்குன்னு தெரியாம நான் சுத்தம்னு சொல்ல மாட்டேன் சார்."

பாக்டீரியாவைக் கண்டுபிடித்தவரே அது உதவாது என்று சொன்னால் தலைவர் என்ன செய்வார்? ஆறு மாதம் தள்ளிப் போட்டார். முதலாளி நிலையத்து வராந்தாவில் கத்திவிட்டுப் போனார். எனக்கும் எரிச்சல்தான். நல்ல செய்தி வாசல்வரை வந்தால் உள்ளே விடாமல் விசாரிக்கிற ஆள் என்று நண்பர்களிடம் அக்காவைக் கிண்டல் செய்தேன்.

காலனிக்காரர்களுக்கு வந்த கோபத்துக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமில்லை. லாரி காலையில் ஒரு நேரம் வரும், சில நாள் மத்தியானம் வரும், சில நாள் வரவே வராது. பெண்கள் வேலைக்குப் போக முடியாமல் குடத்தோடு காத்துக் கிடந்தார்கள். பேச்சியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். சங்கரன்கோவில்காரி, சித்தாள் வேலை, காலனிக்கே அவள்தான் வாய். கொட்டகைக்கு அக்கா வந்தால் இடுப்பில் கைவைத்து முன்னால் வந்து நிற்பாள்.

"ஏ டாக்டரம்மா, வீட்டு வாசல்ல கெணத்த வச்சிக்கிட்டு லாரிக்குப் பின்னால ஓடுதோம். குடிக்கலாமா, குடிக்கக் கூடாதா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியலையே பேச்சி."

"படிச்ச உங்களுக்கே தெரியலன்னா, நாங்க யாருகிட்டப் போயிக் கேக்க?"

அக்கா தெரியாது என்பதையே வேறு வேறு விதமாகச் சொல்லிவிட்டு வருவார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வதந்தி கிளம்பியது. தண்ணீர் லாரி விடுகிறவனுக்கும் சம்சயம் மேடத்துக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கிறது, அதனால்தான் கிணறு சுத்தமென்று சொல்லாமல் இழுத்தடிக்கிறார் என்று. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. முதலாளி ஆளாகக்கூட இருக்கலாம். நான் நம்பவில்லை என்றுதான் சொல்ல ஆசை. ஆனால் ஒருநாள் காலையில் கழக்கூட்டம் ஜங்ஷனில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அந்தத் தண்ணீர் லாரி என்னைத் தாண்டிப் போனது. முன்சீட்டில், டிரைவர் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் சுற்றினேன். ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுகிற ஆளை நாம் ஏன் சந்தேகப்படவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஆமா, போனேன்," என்றார் அக்கா, கொஞ்சமும் கூசாமல். "கிணத்துத் தண்ணி வேண்டாம், லாரித் தண்ணி குடிங்கன்னு நாமதானே சொல்றோம். அவன் எங்கேர்ந்து புடிக்கிறான்னு பாக்க வேண்டாமா? குளத்துல புடிச்சிட்டு வந்தான்னா?"

"எங்க புடிக்கிறான்?"

"அரசாங்கக் குழாய்லதான். அன்னைக்கு. நான் கூட இருந்தேன்ல. அதனால நாளைக்கும் போகப் போறேன்."

எனக்கு அப்போது வந்த சிரிப்பை இன்றைக்கும் அடக்க முடியாது. கூடவே ஒரு ஆறுதலும் வந்தது. அவரை நான் இரண்டு நாள் சந்தேகப்பட்டதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கோபித்திருக்க மாட்டார், நல்ல பழக்கம்தான் என்று பாராட்டியிருப்பார்.

செத்த சட்டிகளின் புதிரை நான்தான் தற்செயலாக அவிழ்த்தேன். அறிவால் அல்ல, மூக்கால். மண் எடுக்கக் கொட்டகைக்குப் போய், கறுப்புக் கயிறு கட்டிய சட்டி ஒன்றின் மூடியைத் திறந்து குனிந்தேன். கோடை மழை விழுந்தவுடன் தரையிலிருந்து எழும்புமே ஒரு வாசனை, அது வந்தது. வேகவைத்த மண்ணுக்கு அந்த வாசனை வராது. அவித்த கிழங்கு மாதிரி மந்தமாக ஒரு வாடைதான் இருக்கும். மழை வாசனை மண்ணின் வாசனை அல்ல, மண்ணுக்குள் வாழ்கிறவற்றின் வாசனை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முகர்ந்தார். பிறகு கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது உயிரோட இருக்கு," என்றார் மெதுவாக.

நடந்தது இதுதான். மண்ணை ஒரு தடவை வேகவைத்தால் விழித்திருப்பவை சாகும். விதை மாதிரி ஓட்டுக்குள் உறங்குபவை சாகாது. சூடு ஆறிய பிறகு எல்லாம் அடங்கிவிட்டது என்று அவை முளைக்கும். அதனால் மறுநாளே மறுபடி வேகவைக்க வேண்டும், அதற்கடுத்த நாளும் வேகவைக்க வேண்டும். நாள் தவறக் கூடாது. அந்தச் சட்டிகளை வேகவைத்த வாரத்தில் நடுவில் ஒரு ஹர்த்தால் வந்துவிட்டது. பஸ் ஓடவில்லை, நிலையத்தைத் திறக்கவில்லை. அக்கா அதற்கடுத்த நாள் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார். கேரளத்தில் ஹர்த்தால் நாளை யாரும் ஒரு நாளாகவே கணக்கில் எடுப்பதில்லை. பரீட்சை, கல்யாணப் பேச்சு, கடைக் கணக்கு எல்லாம் அதைத் தாண்டிக் குதித்து அடுத்த நாளுக்குப் போய்விடும். மண்ணுக்குள் இருந்தவற்றுக்கு இந்த ஏற்பாடு தெரியவில்லை. கிடைத்த ஒரு நாளில் முளைத்து, பெருகி, மறுபடி ஓட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. பிறகு சாவகாசமாக எழுந்து மருந்தைத் தின்றிருக்கின்றன. அக்காவின் பாக்டீரியாவும் அதே மண்ணில் பிறந்ததுதானே.

பஸ் போர்டை நம்பாதவர், மீன்காரனை நம்பாதவர், என் இயந்திரத்தை நம்பாதவர், தான் கட்டிய கறுப்புக் கயிற்றை மட்டும் நம்பியிருக்கிறார். நான் இதைச் சொல்லிக் கேலி செய்யலாமென்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. வெட்கமா, பயமா என்று தெரியாத ஒன்று அதில் இருந்தது. "அந்தப் பொம்பளைங்க ஒரு வருஷமா கொடம் தூக்குறாங்க தம்பி, நான் கட்டின கயித்துக்காக," என்றார்.

மறுபடி செய்தோம். இந்தத் தடவை நாள் தவறவில்லை. வேகவைக்கிற வாரம் முழுக்க ஊருக்குப் போகாமல் நிலையத்துக்குப் பின்னாலேயே ஒரு விடுதியில் தங்கினார். செத்த சட்டிகளில் மருந்து போட்டது போட்டபடி இருந்தது. உயிருள்ள சட்டிகளில் தேய்ந்துகொண்டே வந்தது. பாக்டீரியா தின்கிறது என்பதில் இனி யாருக்கும் சந்தேகமில்லை. கிடங்கு மண் முழுவதும் அதைக் கலந்து, ஈரம் காட்டி, கிளறிவிட்டோம்.

நான்தான் முட்டாள்தனமாக, எல்லாம் சரியாயிடுச்சுக்கா என்றேன்.

"தின்னுது, சரி. தின்னு எதை மிச்சம் வைக்குது?" என்றார்.

அந்த மருந்து முழுசாக உடைந்தால் கொஞ்சம் உப்பும் கொஞ்சம் காற்றும்தான் மிஞ்சும். பாதியில் நின்றுவிட்டால் கதை வேறு. பாதி உடைந்தது முழு மருந்தைவிட எளிதாகத் தண்ணீரில் கரையும். மழையோடு நேராகக் கிணற்றுக்குள் இறங்கும். அதை என் இயந்திரத்தில் தேட வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான மாதிரி ஒன்று வெளியிலிருந்து வர வேண்டும். வர வெகுகாலம் ஆனது. அது வரும்வரை கிணற்றைப் பற்றி வாயே திறக்க மாட்டேன் என்று அக்கா உட்கார்ந்துகொண்டார். முதலாளி மேலிடத்துக்குப் புகார் எழுதினார். தலைவர் அக்காவைக் கூப்பிட்டு, விருப்ப ஓய்வு பற்றி யோசித்ததுண்டா என்று இனிப்பாக விசாரித்தார். காலனியில் இன்னொரு கோடை குடமும் லாரியுமாகப் போனது. பேச்சியம்மாளுக்கு முதுகு பிடித்துக்கொண்டு, சித்தாள் வேலையை விட்டு ஓட்டலில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அதற்கும் அக்காவைத்தான் திட்டினாள். அக்கா கேட்டுக்கொண்டார்.

மாதிரி வந்து சேர்ந்தது. மழைக்கு முன்பும் மழை நடுவிலும் மழைக்குப் பின்பும் கிணற்றிலிருந்து அக்கா தானே இறைத்துக் கொண்டுவந்த தண்ணீரை நான் அளந்தேன். மருந்தும் இல்லை, பாதி உடைந்ததும் இல்லை. கோடு தரையோடு தரையாகப் போனது. தாளைக் கொடுத்தேன். இன்னொரு தடவை ஓட்டச் சொல்வார் என்று அறையிலேயே நின்றேன். சொல்லவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கிணற்றைத் திறந்த நாளில் பந்தல் ஒன்றுமில்லை. அதிகாரி ஒருவர், தலைவர், முதலாளியின் ஆள், அப்புறம் காலனி மொத்தமும். மூடியிருந்த வலையை எடுத்ததும் அதிகாரி, இனிமேல் தாராளமாகக் குடிக்கலாம் என்றார். யாரும் அசையவில்லை. லாரித் தண்ணீரை நம்பி இருந்தவர்கள், எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லிக் கேட்டவர்கள். பேச்சியம்மாள் கயிற்றை விட்டு ஒரு வாளி இறைத்தாள். எவர்சில்வர் தம்ளரில் மொண்டு, அதிகாரியையும் தலைவரையும் தாண்டி வந்து அக்காவிடம் நீட்டினாள்.

"இத்தன நாளாக் குடிக்காதன்னு சொன்னது நீங்கதான். நீங்க குடிங்க, பாப்போம்."

ஆய்வகத்து டீயைக்கூட முகர்ந்து பார்க்காமல் குடிக்காத மனுஷி. தம்ளரை வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு பேச்சி," என்றார்.

"எங்க முதுக ஒடிச்சிட்டு இப்பம் நல்லாருக்காம்," என்று பேச்சியம்மாள் சொன்னாள். ஆனால் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு தடுக்க ஆளில்லை. குடமும் வாளியுமாகக் கிணற்றைச் சுற்றிக் கூட்டம் அப்பிக்கொண்டது. பெரியவர்களுக்கு முந்தி குழந்தைகள் கையேந்திக் குடித்தார்கள்.

அக்கா ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அத்தனை சந்தோஷமாக நான் கண்டதில்லை. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். சாலைக்கு நடக்கும்போது சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"கொச்சிக்கு அனுப்பின புட்டியிலயும் ஒண்ணும் இல்லைன்னு வந்துருச்சாக்கா?"

"கொச்சிக்கு அனுப்பலையே," என்றார்.

"அனுப்பலையா?"

"நீ பாத்தேல்ல தம்பி. அது போதும்னு தோணிச்சு."

வித்துராவுக்கு மாறிப் போக வசதியாக ஒரு பஸ் வந்தது. யாரிடமும் எதையும் கேட்காமல் அதில் ஏறிப் போய்விட்டார். கிணற்றுத் தண்ணீரை அளந்த வாரம்தான் இயந்திரத்தில் புதுக் குழாய் மாட்டியிருந்தேன். மாட்டிய பிறகு எல்லாவற்றையும் சரிபார்த்தேன் என்றுதான் நினைவு. நினைவுதான். திரும்பிப் பார்த்தால் காலனியில் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் உலை வைத்திருப்பார்கள்.

வீட்டுக்குப் போகவில்லை. நிலையத்துக்குப் போய்க் காவலரிடம் சாவி வாங்கி அறையைத் திறந்தேன். குளிர்பெட்டியில் மிச்சமிருந்த கிணற்றுத் தண்ணீரை எடுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தேன். கோடு தரையோடு தரையாகப் போனது. ஒன்றும் இல்லை, சுத்தம்தான்.

தாளைக் கிழித்து எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து, இன்னொரு தடவை ஓட்டினேன்.